வரிசை பிசகாத முளைகள்

மூன்றாவது முளையைப் பிடுங்கியது நான்தான். கையால் அல்ல, அதைவிட அகலமான, உட்காருவதற்கென்றே படைக்கப்பட்ட இடத்தால்.

சுரங்கத்தில் நிலக்கரியை எட்டுவதற்கு முன்னால் மேலே கிடக்கிற மண்ணையும் கல்லையும் வெட்டி எடுத்து ஓரமாகக் கொட்டுவார்கள். கொட்டிக் கொட்டி அது ஒரு மலையாகிவிடும். அதற்கு அங்கே எல்லாரும் வைத்திருக்கிற பெயர் 'மேடு'. மேட்டின் சரிவில் பெரிய படிகளாகத் தளங்கள் வெட்டியிருப்பார்கள். தளத்துக்கு ஒரு வாய்க்கால், மழைத்தண்ணீரை வாங்கிக் கீழே கொண்டுபோக. தண்ணீர் ஓடுகிறதா, மேடு நிற்கிறதா என்று மாதாமாதம் வந்து பார்த்துக் கையெழுத்துப் போடுவது என் உத்தியோகம். ஓட வேண்டியது ஓட வேண்டும், நிற்க வேண்டியது நிற்க வேண்டும். இரண்டும் இடம் மாறினால் நான் ஓட வேண்டும்.

அன்று மேலே ஏறும்போதே எனக்கு மனம் ஒரு நிலையில் இல்லை. முந்தின இரவு நல்ல மழை. இரண்டாம் தளத்து வாய்க்காலின் தலைப்பில் தண்ணீர் குடம் குடமாக இறங்கிக்கொண்டிருந்தது. அதே வாய்க்காலின் கடைசி முனையிலோ ஜலதோஷம் பிடித்த மூக்கு போலச் சொட்டிக்கொண்டிருந்தது. நடுவில் அடைப்பு இல்லை, கரை உடைந்து வழியவும் இல்லை. மாமியார் வீட்டுக்குப் போன புது மாப்பிள்ளை போல, உள்ளே போன தண்ணீர் வெளியே வருவதாகத் தெரியவில்லை. உள்ளே என்றால் மேட்டுக்குள்ளே. வயிற்றில் நீர் கோத்த மேட்டை நம்பி யாரும் அதன் காலடியில் உட்காரக்கூடாது.

காலடியில் உட்கார்ந்திருந்தவர் என் தங்கை புருஷன்.

மேட்டிலிருந்து இறங்குகிற தண்ணீரெல்லாம் அடிவாரத்தில் ஒரு குட்டையில் சேரும். அதை இறைத்து வெளியே தள்ளாவிட்டால் நிரம்பிச் சுரங்கக் குழிக்குள் பாயும். இறைக்கிற பம்பு ஷெட் குட்டைக் கரையில், மேட்டுச் சரிவுக்கு முதுகைக் காட்டிக்கொண்டு இருந்தது. மதிய ஷிப்டில் பம்பு ஓட்டுகிறவர் மாப்பிள்ளை. பின்பக்கத்து ஜன்னலைத் திறந்தால் மேடு முழுக்க அவருக்குத் தெரியும். மேட்டுக்கும் அவர் தெரிவார் என்பதுதான் என் கவலை.

இந்த யோசனையோடு வாய்க்காலைப் படம் எடுக்கலாம் என்று, கேமராவைக் கண்ணில் வைத்துக்கொண்டு, பின்பக்கமாகவே நடந்தேன். வாய்க்கால் கரையோரம் முளைகள் இருக்கின்றன என்பது எனக்குத் தெரியும். அவற்றை அங்கே அடிக்கச் சொன்னவனே நான்தான். ஆனால் முதுகுக்குக் கண் இல்லையே. குதிகால் ஏதோ ஒன்றில் தட்டியது. நான் அதன் மேல் உட்கார்ந்தேன். அப்புறம் நானும் அதுவும் கேமராவும் ஒற்றுமையாக வாய்க்காலுக்குள் போய்ச் சேர்ந்தோம்.

கூட வந்த மேட்டு மேஸ்திரி கரையில் நின்று எட்டிப் பார்த்தார். மேட்டில் மண் கொட்டுகிற ஆட்களை மேய்ப்பது அவர் வேலை. ஒல்லி, காதோரம் எப்போதும் ஒரு பீடி, பற்றவைத்து நான் பார்த்ததில்லை.

"சார், அடி பட்டுருச்சா?"

"மானத்துல மட்டும்தான். கை குடுங்க."

கையைக் கொடுத்தார். என் எடையைக் கணக்கில் எடுத்துக்கொள்ளவில்லை. அவரும் உள்ளே வந்தார். இருவருமாகக் கரையேறிச் சேற்றை வழித்துப் போட்ட பிறகுதான் என் கையில் இருந்ததைப் பார்த்தேன். முளை. தலையில் சிவப்புப் பெயின்ட் அடித்த, முழங்கால் உயரக் கட்டை. முக்கால்வாசி மண்ணுக்குள் இறங்கி நிற்க வேண்டியது.

அந்த முளைகளைப் பற்றிச் சொல்லிவிடுகிறேன். தளத்தின் இரண்டு கோடியிலும், மேட்டைத் தாண்டி, அசையாத பழைய பூமியில் கோடிக்கொரு இரும்புக் கம்பம் ஊன்றியிருக்கும். நடுவில் மேட்டு மண்ணில் வரிசையாக முளைகள். ஒரு கம்பத்தின் பின்னால் நின்று ஒற்றைக் கண்ணை மூடிக்கொண்டு மறு கம்பத்தைப் பார்க்க வேண்டும். முளைகளெல்லாம் ஒரே கோட்டில் நின்றால் மேடு நிற்கிறது. ஏதாவது ஒன்று வரிசையை விட்டுச் சரிவுப் பக்கம் விலகியிருந்தால், அதன் காலடி மண் கிளம்பிவிட்டது என்று அர்த்தம். பெரிய கருவிகள் வாங்கித் தருகிறோம் என்று நிர்வாகம் சொல்லிக்கொண்டே இருக்கிறது. அதுவரை என் ஒற்றைக் கண்தான் கருவி.

நான் முதல் தடவை வந்தபோது வரிசை கொஞ்சம் வளைந்திருந்தது. அப்போதுதான் அடித்து முடித்திருந்தார்கள். அடித்தவர்களின் கைக்கோணல் என்று எடுத்துக்கொண்டு ஏதோ கிண்டலாகச் சொல்லிவிட்டுப் போனேன். அடுத்த மாதம் வந்தால் நூல் பிடித்தது போல நின்றது. அதற்கப்புறம் எப்போது வந்தாலும் நூல் பிடித்ததுதான். என் வாய்க்கு இருக்கிற மரியாதை என்று வீட்டில்கூடப் பெருமையடித்திருக்கிறேன்.

இப்போது அந்த முளையைக் கையில் வைத்துத் திருப்பித் திருப்பிப் பார்த்தேன். பல மாதம் மண்ணில் இறங்கி நின்ற கட்டை, ஆள் உட்கார்ந்ததற்கெல்லாம் வந்துவிடாது. கடப்பாரை போட்டு நெம்ப வேண்டும். இது ஆடிக்கொண்டிருந்த பால்பல் போல வந்திருந்தது.

பக்கத்து முளையைப் பிடித்து ஆட்டினேன். ஆடியது. அதற்கடுத்ததும் ஆடியது. கோடியில் இருந்தவை மட்டும் கல் போல நின்றன.

"மேஸ்திரி, இதையெல்லாம் யாராவது பிடுங்கி மறுபடி அடிச்சீங்களா?"

"முளைன்னா அடிக்கத்தானே சார் செய்வாங்க."

"எப்ப அடிச்சீங்க?"

"அடிச்சப்பத்தான்."

"மேஸ்திரி!"

"மழை சார். மண்ணு ஊறிப்போச்சு. ஊறின மண்ணுல என்னதான் நிக்கும்? நீங்களே நிக்கல."

அதுவும் நியாயம்தான். மழையில் ஊறியிருக்கலாம். முளையைப் பிடுங்கி வேறிடத்தில் அடித்திருந்தால் பழைய குழி பக்கத்திலேயே இருக்கும். அந்த இடத்தில் மண்டியிட்டுத் தேடினேன். ஆனால் அங்கே எருமை புரண்ட சேறு போல ஒரு பெரிய பள்ளம்தான் இருந்தது. அந்த எருமை யார் என்று சொல்ல வேண்டியதில்லை. பக்கத்து முளைகளைச் சுற்றியோ மழை பூசி மெழுகிவிட்டிருந்தது. ஒரு மேடு நகர்கிறதா என்று பார்க்க வந்த அதிகாரி, பார்க்க வேண்டிய இடத்தை உட்கார்ந்தே அழித்திருந்தார்.

வானத்தைப் பார்த்தேன். மேற்கே மேகம் இன்னொரு மேடாகக் குவிந்துகொண்டிருந்தது.

மேனேஜர் அறையில் என்னை உட்காரச் சொல்வதற்கு முன் நாற்காலியில் பழைய செய்தித்தாளை விரித்தார்கள். மேஜை மேல் கண்ணாடிக்கடியில் சுரங்கத்தின் வரைபடம். அதில் மேடு சாம்பல் நிறத்தில் சாதுவாக இருந்தது. மேனேஜர் நல்லவர்தான். எந்தக் கேள்விக்கும் கெட்ட பதில் சொல்ல மாட்டார்; நல்ல பதிலும் சொல்ல மாட்டார்.

"நகர்ந்திருக்கலாம்னு சொல்றீங்க," என்றார்.

"ஆமா."

"நகராமலும் இருந்திருக்கலாம், இல்லையா?"

"தண்ணி உள்ள போகுது சார். வெளிய வரல."

"வரும். தண்ணிக்கு வேற எங்க போக்கிடம்?"

"முளையெல்லாம் ஆடுது."

"நீங்க விழுந்ததுல ஆடியிருக்கும்."

"சார், நான் குண்டுதான். அதுக்காகப் பக்கத்து முளையெல்லாம் ஆடற அளவுக்கா?"

அவர் சிரித்தார். நானும் சிரித்தேன். எனக்கு இதுதான் வியாதி. எதிராளியைச் சிரிக்கவைத்துவிட்டால் பாதி ஜெயித்துவிட்டதாக நினைத்துக்கொள்வேன். மீதிப் பாதியில்தான் எல்லாம் இருக்கும்.

"பம்பை நிறுத்தி ஷெட்டைக் காலி பண்ணணும், மேட்டுல மண்ணு கொட்டுறதை நிறுத்தணும். அதானே? உங்களுக்கு அதிகாரம் இருக்கு, வேணாம்னு நான் சொல்லல. ஆனா பம்பு நின்னா விடியறதுக்குள்ள குழியில தண்ணி. காலைல வர்றவங்களுக்கு வேலை கிடையாது, நீச்சல் தெரிஞ்சவங்களைத் தவிர. அப்ப மேல இருந்து என்னைக் கேப்பாங்க, ஏன் நிறுத்தினன்னு. நான் என்ன சொல்ல? வரிசை நேரா இருந்துச்சு, ஆய்வாளர் அதுல தடுக்கி விழுந்தாரு, அதனால நிறுத்திட்டோம்னா?"

நான் முழங்கையில் காய்ந்த சேற்றைச் சுரண்டினேன்.

"இன்னொண்ணு," என்று குரலைத் தாழ்த்திக்கொண்டார். "ஷெட்டுல இருக்கிறது உங்க தங்கச்சி வீட்டுக்காரர். சந்தேகத்துல நிறுத்தினீங்கன்னா, சொந்தக்காரரைக் காப்பாத்தத்தான் பண்ணாருன்னு பேசுவாங்க. உங்க நல்லதுக்குத்தான் சொல்றேன். நாளைலேர்ந்து புதுசா முளை அடிச்சு அளப்போம். நகர்ந்தா தெரிஞ்சுட்டுப் போகுது."

"நாளைக்கு வரைக்கும் அது காத்திருக்குமா?"

"இத்தனை நாள் காத்திருக்கே."

எழுந்தபோது செய்தித்தாளும் என்னோடு எழுந்தது. அதைப் பிய்த்து எடுக்கிற சாக்கில் இன்னும் கொஞ்ச நேரம் நின்றேன், அவர் மனம் மாறுமோ என்று. அவர் ஜன்னலை மூடச் சொல்லி மணியடித்தார். சாரல் வர ஆரம்பித்திருந்தது.

வெளியே ஜீப்பில் ஏறினேன், இறங்கினேன். மறுபடி ஏறினேன். வீட்டுக்குப் போகிற வழி ஒரு பக்கம், பம்பு ஷெட் ஒரு பக்கம். அதிகாரம் என் பையிலேயே இருந்தது; அதை எடுத்து நீட்டுகிற கைதான் எனக்குப் போதவில்லை. யாராவது ஒருத்தர், ஒரே ஒருத்தர், முளையைப் பிடுங்கி அடித்தார்களா இல்லையா என்று சொல்லிவிட்டால் போதும். அந்தத் தளத்தில் யார் ஏறினாலும் தெரிகிற ஜன்னல் ஒன்றுதான்.

அடிவாரத்துக்குப் போகிற பாதையில் ஜீப் வழுக்கியது. பாதி தூரத்தில் இறங்கி நடந்தேன். நடக்கிறபோது திரும்பித் திரும்பி மேட்டைப் பார்த்தேன், நாய் இருக்கிற தெருவில் நடக்கிறவன் போல.

எங்கள் குடும்பத்தைப் பற்றி ஒரு வார்த்தை. எங்கள் வீட்டில் கேட்ட கேள்விக்கு யாராவது நேராகப் பதில் சொன்னால் காய்ச்சலா என்று நெற்றியைத் தொட்டுப் பார்ப்பார்கள். மாப்பிள்ளை அந்தக் குறையைத் தீர்ப்பார் என்று நினைத்துத்தான் பெண் கொடுத்தோம். கல்யாணப் பேச்சின்போது, "என் தங்கச்சியை வச்சு நல்லா பாத்துப்பீங்களா?" என்று கேட்டேன். "சமையல் யாருன்னு முடிவு பண்ணிட்டா பாத்துக்கலாம் மச்சான்," என்றார். எங்களுக்கு ஏற்ற ஆள் என்று அன்றே தெரிந்துவிட்டது.

ஷெட்டுக்குள் மோட்டார் சத்தத்தில் தகரக் கூரை நடுங்கிக்கொண்டிருந்தது. ஸ்விட்ச் பெட்டியின் கதவில் என் தங்கை மகள் வரைந்த படம் ஒட்டியிருந்தது: ஒரு வட்டம் அப்பா, அதைவிடப் பெரிய வட்டம் மாமா. மாப்பிள்ளை எண்ணெய்க் கையைத் துடைத்துக்கொண்டு என்னை ஏற இறங்கப் பார்த்தார்.

"என்ன மச்சான், வாய்க்காலை உள்ள இறங்கியே சோதனை பண்ணீங்களா?" என்று கத்தினார். அங்கே கத்தினால்தான் கேட்கும்.

"மாப்பிள்ளை, ஒண்ணு கேக்கறேன். ரெண்டாம் தளத்து முளையை யாராவது பிடுங்கி அடிச்சாங்களா?"

"நீங்கதான் பிடுங்கினதா மேஸ்திரி சொன்னாரு!"

"அதுக்கு முன்னாடி!"

"அதுக்கு முன்னாடி நீங்க மேல ஏறவே இல்லையே!"

"விளையாடாதீங்க!"

"டீ குடிக்கிறீங்களா?"

டீயை ஊற்றினார். அப்போதுதான் பார்த்தேன், அவர் ஜன்னலைத் திறக்கவே இல்லை. வழக்கமாக ஷெட்டுக்குள் புழுங்குகிறது என்று கடுமழையிலும் திறந்து வைத்திருப்பவர். இன்று கொக்கி போட்டு, கொக்கிக்கு மேல் ஒரு கம்பியையும் சுற்றி வைத்திருந்தார்.

"ஜன்னல் ஏன் சாத்தியிருக்கு?"

"சாரல்."

"சாரல் அந்தப் பக்கத்துலேர்ந்து அடிக்கலையே."

"அடிச்சா?"

தகரத்தின் மேல் மழை விழ ஆரம்பித்தது. இந்த ஆளுக்கு ஏதோ தெரியும். தெரிந்துகொண்டே உட்கார்ந்திருக்கிறார். காலரைப் பிடித்து உலுக்கலாமா என்று தோன்றியது. உலுக்கினால் அதற்கும் ஒரு ஜோக் சொல்வார்.

அங்கே இருந்த ஒரே முக்காலியை இழுத்து, ஜன்னலுக்குக் கீழே, சரிவுக்கு மிக அருகான மூலையில் போட்டு உட்கார்ந்தேன்.

"என்ன மச்சான்?"

"இன்னைக்கு ஷிப்டு முடியற வரைக்கும் இங்கதான் இருக்கப்போறேன்."

"எதுக்கு?"

"டீ நல்லா இருக்கு."

"மச்சான், மழை பெருசா வரும்போல. கிளம்புங்க."

"வரட்டும். மேடு நிக்குதுல்ல?"

அவர் மோட்டாருக்குப் போய்த் துடைத்ததையே துடைத்தார். திரும்பி வந்தார். "இடுப்புல அடி பட்டிருக்கு உங்களுக்கு, போய்ப் படுங்க," என்றார். நான் போனை எடுத்துத் தங்கையைக் கூப்பிட்டு ஒலிபெருக்கியில் போட்டேன்.

"அண்ணா, எங்க இருக்க? ஒரே இரைச்சலா இருக்கு."

"உன் வீட்டுக்காரர் ஷெட்டுல. ராத்திரி அவரோட சேர்ந்துதான் வருவேன்."

"ஏன், என்ன விஷயம்?"

"மேடு நகருதான்னு அவர்கிட்ட கேட்டேன். டீ குடுத்தாரு."

அந்தப் பக்கம் டி.வி. சத்தம் நின்றது. எங்கள் குடும்பத்தில் அது அபூர்வம்.

"அண்ணா," என்றாள். "பத்து நாளா அவர் தூக்கத்துல எழுந்து உக்காந்துக்கறாரு. என்னன்னு கேட்டா கொசுங்கறாரு. கொசுவே இல்லண்ணா. ஏங்க, கேக்குதா உங்களுக்கு? எங்க அண்ணன் உக்காந்தா எழுந்திருக்க மாட்டான். அவனைப் பத்தி உங்களுக்கே தெரியும். உங்களுக்காக இல்லன்னாலும் அவனுக்காகவாவது வாயைத் திறங்க."

போன் நின்றது. மாப்பிள்ளை என்னைப் பார்த்தார். என் பின்னால் இருந்த சாத்திய ஜன்னலைப் பார்த்தார். ஸ்விட்ச் பெட்டிக்குப் போனார். படம் கசங்காமல் அதைக் கதவிலிருந்து உரித்துச் சட்டைக்குள் வைத்துக்கொண்டார். பிறகு பிடியைக் கீழே இழுத்தார்.

மோட்டார் சத்தம் இறங்கி இறங்கி நின்றது. காது அடைத்தது போலிருந்தது. அப்புறம்தான் மழைக்கு நடுவே அந்தச் சத்தம் கேட்டது. பின்சுவருக்கு வெளியே, சரிவில், யாரோ முறத்தில் கூழாங்கல்லைப் புடைப்பது போல. கொஞ்சம் விழும், நிற்கும், மறுபடி விழும். இத்தனை நேரம் மோட்டார் அதை எங்களிடமிருந்து மறைத்துக்கொண்டிருந்தது.

"எழுந்திருங்க," என்றார். என் கையைப் பிடித்து இழுத்தார். மேஸ்திரியைப் போல விழவில்லை, நிஜமாகவே இழுத்துவிட்டார். குட்டைக் கரையைச் சுற்றி, வழுக்கி, ஒருவரை ஒருவர் திட்டிக்கொண்டு, பழைய பூமியில் போட்ட ரோட்டுக்கு வந்து சேர்ந்தோம். என் இடுப்பு தனியாக வந்து சேர்ந்தது.

ரோட்டில் நின்று மேனேஜரைக் கூப்பிட்டேன். பம்பை நிறுத்தியாயிற்று, ஷெட்டைக் காலி செய்தாயிற்று, குழியில் யாரும் இருந்தால் ஏற்றுங்கள், மேட்டில் லாரி ஏறக்கூடாது என்று சொன்னேன். என் குரலா என்று எனக்கே சந்தேகமாக இருந்தது.

"காரணம்?" என்றார் மேனேஜர். "காரணம் சொல்லுங்க சார், நான் மேல சொல்லணும்."

போனை எங்கள் இருவருக்கும் நடுவில் பிடித்தேன்.

"மாப்பிள்ளை, காரணம் கேக்கறாரு."

மழைத்தண்ணீர் அவர் மூக்கு நுனியிலிருந்து சொட்டியது. அவர் துடைக்கவில்லை. மேட்டைப் பார்க்காமல் என்னையே பார்த்துச் சொன்னார்:

"நகருது மச்சான். ஆரம்பத்துலேர்ந்தே நகருது. மொத தடவை வந்தப்ப, வரிசை என்னய்யா தூக்கத்துல எடுத்த வகிடு மாதிரி இருக்குன்னு சொல்லிட்டுப் போனீங்க. எல்லாரும் சிரிச்சாங்க. மச்சான் வர்றப்ப கோணலா இருக்கக்கூடாதுன்னு, நீங்க வர்றதுக்கு மொத நாள் நானும் மேஸ்திரியும் ஏறிப் பிடுங்கி, நூல் பிடிச்சு நேரா அடிச்சு வைப்போம். வீட்டுக்கு ஆள் வந்தா பாயை நேரா போடுற மாதிரிதான் நெனச்சோம், வேற எதுவும் தெரியாது. ரெண்டு மாசம் முன்னாடிதான் அது எதுக்குன்னு எனக்குப் புரிஞ்சுது. அதுக்குள்ள அத்தனை தடவை நீங்க கையெழுத்துப் போட்டுட்டீங்க. சொன்னா உங்க வேலை போயிரும்னு வாயை மூடிக்கிட்டேன். போன தடவை நாலு விரல் தள்ளி இருந்துச்சு. நேத்து ஒரு சாண்."